அனோட்டேஷன் ஒட்டியாச்சு, அத யாரு படிக்கிறது?

ஜாவால அனோட்டேஷன் (கோடு மேல @ போட்டு ஒட்டுற குறிப்பு) எழுதிட்டா அதுவே எல்லாத்தையும் செக் பண்ணிடும்னு நெனைக்கிறவங்களுக்குத்தான் இது, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துல வளந்தவங்களுக்கு ஈசியா புரியும். குலைய வெட்டிப் போட்டதும் காம்புல வெட்டுனவரோட நம்பர எழுதி வைப்பாங்கல்ல, மண்டோர் (வேலைய மேற்பாக்குறவர்) வந்து அத பாத்து புக்குல ஏத்துனாத்தான் சம்பளக் கணக்குல வரும். இங்கயும் அதே கததான், அனோட்டேஷன படிச்சு செக் பண்ண தனியா ஒரு கோடு வேணும்.

தோட்டத்து ஆளுங்க லிஸ்ட்டுக்கு ஒரு கிளாஸ் எழுதுறோம்னு வச்சுக்குங்க, அதுல ஐசி நம்பர் (மலேசிய அடையாள அட்டை நம்பர்) ஒரு ஃபீல்டு, 12 இலக்கம் இருக்கணும்.

படி 1: @இன்டர்ஃபேஸ் போட்டு ‘இலக்கம்’னு ஒரு அனோட்டேஷன், உள்ள எத்தனைன்னு சொல்ல ஒரு இன்ட். அதுக்கு மேல @டார்கெட் ஃபீல்டு (எங்க ஒட்டலாம்), @ரிட்டென்ஷன் ரன்டைம் (எதுவரைக்கும் நிக்கணும்) ரெண்டும் வேணும். ரிட்டென்ஷன விட்டுட்டா ஜாவா தானா ‘கிளாஸ்’னு எடுத்துக்கும், குறிப்பு கிளாஸ் ஃபைல் வரைக்கும் வந்து நின்னுடும், ஓடும்போது ரிஃப்ளெக்ஷன்ல (புரோகிராம் தன்னோட கிளாஸையே பாக்குற வழி) தேடுனா நல்தான் (null, அதாவது ஒண்ணும் கிடைக்காது). எரர் ஒண்ணும் வராது, அதான் கடுப்பு. எனக்கு இதுல ஒரு ராத்திரியும் மூணு கப் தே ஓவும் போச்சு.

படி 2: மண்டோர் வேலைக்கு ஒரு மெத்தடு. கெட்டிக்ளேர்ட்ஃபீல்ட்ஸ் போடுங்க, கெட்ஃபீல்ட்ஸ் வேணாம், அது பப்ளிக் ஃபீல்ட மட்டும்தான் காட்டும். ஒவ்வொண்ணுலயும் கெட்அனோட்டேஷன் கேட்டு, நல் இல்லன்னா செட்அக்ஸசிபிள் ட்ரூ வச்சு (அப்பத்தான் பிரைவேட் ஃபீல்டும் தொறக்கும்) வேல்யூவ எடுத்து நீளத்த பாக்கணும். பேரன்ட் கிளாஸ் ஃபீல்டு இதுல வராது, கெட்சூப்பர்கிளாஸ் வழியா மேல ஏறிப் போகணும்.

படி 3: ஒட்டுன குறிப்பையே செக் பண்றது, முக்காவாசி பேரு விடுறது இதத்தான். மெத்தடு மேல ஒட்டுனா கம்பைலரே திட்டிடும், ஆனா ஃபீல்டு ஸ்டிரிங்கா லாங்கான்னு அதுக்கு அக்கறையே இல்ல. ஐசியோட முதல் ரெண்டு இலக்கம் பொறந்த வருஷம். அத லாங்ல (முழு எண் டைப்) வச்சா அப்பா அம்மாவோடது 71, 74ன்னு ஆரம்பிக்கும், டெஸ்ட் பாஸ். 2003ல பொறந்த தம்பியோடது 03ன்னு வரும், முன்னாடி சைபர் காணாம போயி 11 இலக்கம் ஆயிடும்! கோட்ல நேரா 03ன்னு எழுதுனா ஜாவா அத ஆக்டல்னு (எட்டடிமான எண்) வேற நெனச்சுக்கும். அதனால வேல்யூவ தொடுறதுக்கு முன்னாடி கெட்டைப் ஸ்டிரிங்தானா, அனோட்டேஷன்ல குடுத்த எண்ணிக்கை சைபருக்கு மேலயான்னு பாத்து, இல்லன்னா இல்லீகல்ஸ்டேட்எக்ஸெப்ஷன் போட்டுடுங்க.

படி 4: கம்பைல் ஆகும்போதே பிடிக்கணும்னா அப்ஸ்ட்ராக்ட்புராசஸர எக்ஸ்டென்ட் பண்ணி அனோட்டேஷன் புராசஸர் எழுதலாம், ஜாவா 6ல இருந்தே இருக்கு, மெஸேஜர்ல (Messager) எரர்னு அனுப்புனா கம்பைல் ஃபெயில் ஆயிடும். பழகுனப்புறம் செய்ங்க.

நெஜ புராஜெக்ட்ல இந்த செக்கையெல்லாம் ரெடியா வச்சிருக்குற ஹைபர்னேட் வேலிடேட்டர் லைப்ரரி போதும். அதுலயும் நீளத்த பாக்குற @சைஸ லாங் மேல ஒட்டுனா அன்எக்ஸ்பெக்டட்டைப்எக்ஸெப்ஷன் வரும், வந்தா டேட்டாவ போட்டு நோண்டாதீங்க, ஃபீல்டோட டைப்ப பாருங்க.