இளவேனிலில் தேன் வரத்து நின்றால் தேனீக்களுக்கு உணவு

இளவேனிலில் ராணித் தேனீ மும்முரமாக முட்டையிட்டு, புழுக்கள் பெருகியிருக்கும் வேளையில் மலர்களிலிருந்து தேன் வரத்து நின்றுவிட்டால், குளிர்காலத்தைத் தாண்டி வந்த கூட்டமும் சில நாட்களிலேயே பட்டினியால் மடியக்கூடும். ஆகவே தேனீப் பெட்டியின் பின்புறத்தைச் சற்றுத் தூக்கிப் பார்த்து, எடை குறைந்திருந்தால் உடனே திறந்து, புழுக்கள் வளரும் அடையின் மேல்விளிம்பில் மெழுகால் மூடியிட்ட தேன் இருக்கிறதா எனக் கவனியுங்கள். அடையின் அறைகளுக்குள் தலையை நுழைத்தபடியே தேனீக்கள் இறந்து கிடந்தால், ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

வெள்ளைச் சர்க்கரையையும் வெந்நீரையும் சம எடையில் கலந்து, பாகு நன்கு ஆறிய பின், தேனீக்கள் மூழ்காதிருக்கக் குச்சிகளை மிதக்கவிட்டு, மாலையில் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். வெளியே சிந்தினால் பிற கூட்டங்கள் கொள்ளையடிக்க வரும் என்பதால் வாசலையும் சுருக்கிவிடுங்கள். நோய் பரவக்கூடுமென்பதால் பிற கூடுகளின் தேனை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.