மைக்ரோஸ்கோப் படம் மங்கலாக வந்தபோது

ஐபீஸில் பார்த்தால் செல் சுவர் பளிச்சென்று தெரிகிறது. அதே ஸ்லைடு கணினித் திரையில் இருண்டு, புள்ளி புள்ளியாக இரைச்சலோடு வருகிறது. மைக்ரோஸ்கோப்பில் பொருத்திய அனலாக் வீடியோ கேமராவை நேராகத் தனி வீடியோ மானிட்டரில் செருகினேன், படம் அருமை. நேராக ஃபிரேம் கிராபரில் (வீடியோ சிக்னலைக் கணினிப் படமாக மாற்றும் கருவி) செருகினாலும் பரவாயில்லை. சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் டி-கனெக்டர் போட்டு இரண்டுக்கும் ஒன்றாகக் கொடுத்தால்தான் தகராறு.

அனலாக் வீடியோ கேபிளின் கடைசி முனையில் 75 ஓம் டெர்மினேஷன் (சிக்னல் முடியும் இடத்தில் போடும் மின்தடை) ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இங்கே மானிட்டரில் ஒன்று, கிராபரில் ஒன்று. இரண்டும் இணையாகச் சேர்ந்தால் 37.5 ஓம், 1 வோல்ட் சிக்னல் சுமார் 0.67 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். கிராபரின் தானியங்கி கெயின் (சிக்னலைப் பெருக்கும் வசதி) அதைத் தூக்கிவிடப் பார்க்கும், கூடவே இரைச்சலையும் தூக்கும். மானிட்டரின் பின்பக்கம் இருந்த சின்ன சுவிட்சை 75 ஓமிலிருந்து ஹை-இசட்டுக்கு, அதாவது அந்த மின்தடை சேராத நிலைக்குத் தள்ளினேன். அவ்வளவுதான், வெளிச்சம் திரும்பிவிட்டது. மென்பொருளில் பிரைட்னஸைக் கூட்டிக்கொண்டே போவது வெட்டி வேலை.

அப்புறம் நீந்தும் உயிரிகளின் ஓரங்களில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள். பால் (PAL) என்ற வீடியோ முறையில் ஒரு ஃபிரேமின் இரண்டு ஃபீல்டுகளுக்கும் (ஒற்றை வரிகள் ஒன்று, இரட்டை வரிகள் ஒன்று) நடுவே 20 மில்லி விநாடி இடைவெளி. அதற்குள் உயிரி நகர்ந்துவிடும். ஒரு ஃபீல்டை மட்டும் வைத்துக்கொண்டேன். 576 வரி 288 ஆகக் குறையும், சரி, வேறு வழியில்லை. அசையாத ஸ்லைடுக்கு இது தேவையே இல்லை.

சாயமேற்றிய ஸ்லைடில் நிற விளிம்புகளில் ஊர்ந்த புள்ளிகள், நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் கலந்து வரும் காம்போசிட்டை விட்டு, இரண்டும் தனித்தனியாக வரும் எஸ்-வீடியோவுக்கு மாறியதும் போய்விட்டன. படங்களை இப்போது சுருக்கும்போது விவரம் இழக்கும் ஜேபெக்கில் (JPEG) இல்லாமல் டிஃப் (TIFF) ஆகச் சேமிக்கிறேன்.