சப்ரசர் வாங்குவதற்கு முன் பேரலை அளந்து பாருங்கள்

பெரிய விலங்கு வேட்டைக்கு முதல் ரைஃபிள் வாங்குகிறவர்கள் சப்ரசரை (வெடிச்சத்தத்தைக் குறைக்க முனையில் மாட்டும் குழாயை) கடைசியில்தான் யோசிக்கிறார்கள். 26 அங்குல பேரல் (குண்டு பாய்ந்து வெளியேறும் குழல்) உள்ளதை வாங்கி, அதன் முனையில் 7 அங்குலக் குழாய் ஒன்றையும் மாட்டினால் துப்பாக்கி ஒட்டடைக்கம்பு மாதிரி ஆகிவிடும். புதருக்குள் திருப்ப முடியாது, வண்டிக் கதவில் இடிக்கும். இரண்டையும் ஒரே பொருளாக நினைத்துத் தேர்ந்தெடுங்கள்.

அதற்கும் முன்னால் சட்டம். சில நாடுகளில் சப்ரசர் சர்வசாதாரணம், சில இடங்களில் தனி அனுமதி வேண்டும், சில இடங்களில் வைத்திருப்பதே குற்றம். வேட்டையில் பயன்படுத்த வேறு விதி இருக்கலாம். பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

படி 1: தோட்டாவை முடிவு செய்யுங்கள்

பேரல் நீளம் தோட்டாவைப் பொறுத்தது. .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவில் வெடிமருந்து அளவாகத்தான் இருக்கும். பேரலை ஓர் அங்குலம் குறைத்தால் நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 30 அடி வேகம் குறையும், அவ்வளவுதான். அதற்கு 18 முதல் 20 அங்குலம் தாராளம். .300 வின்செஸ்டர் மேக்னம் அப்படியில்லை. மருந்து அதிகம், எரிந்து முடிய இடம் வேண்டும். ரொம்பக் குட்டையாக வெட்டினால் மேக்னத்தின் உதையும் சத்தமும் மட்டும் மிஞ்சும், வேகம் மிஞ்சாது. என்னைக் கேட்டால், முதல் ரைஃபிளுக்கு .308, 20 அங்குலம், சப்ரசர். வேறெதுவும் யோசிக்க வேண்டாம்.

படி 2: முனையின் தடிமன், மரை

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். மலையேற ஏற்றது என்று விற்கும் மெல்லிய பேரல்களின் முனை 15 மி.மீ. அளவில்தான் இருக்கும். .30 கேலிபர் (0.30 அங்குலக் குழல் துளை) சப்ரசர்களில் பரவலாக உள்ள 5/8 அங்குல மரையோ (திருகி மாட்ட வெட்டும் பள்ளம்) கிட்டத்தட்ட 16 மி.மீ. அந்த முனையில் இதை வெட்டவே முடியாது. வெட்டிய மரைக்குப் பின்னால் சப்ரசர் அழுந்தி உட்கார ஒரு படிக்கட்டு மாதிரி தோள் மிஞ்ச வேண்டும். அந்தத் தோள்தான் சப்ரசரை நேராக நிறுத்துகிறது. ஐரோப்பிய ரைஃபிள்களில் எம்14, எம்15 போன்ற மெட்ரிக் மரைகள் வரும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிறதே என்று பலவந்தமாகத் திருகாதீர்கள்.

படி 3: சப்ரசர்

துளை குண்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். .30 கேலிபர் சப்ரசரை 6.5 மி.மீ. ரைஃபிளில் மாட்டலாம், மரை பொருந்தினால். தலைகீழாகச் செய்தால் குண்டு சப்ரசரைக் கிழித்துக்கொண்டு போகும். உங்கள் தோட்டாவுக்கும் பேரல் நீளத்துக்கும் அது ஏற்றதா என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பதைப் பாருங்கள். பேரல் குட்டையானால் உள்ளே வரும் அழுத்தம் கூடும்.

வேட்டைக்கு டைட்டானியம் நல்லது. நாள் முழுக்கச் சுமக்கிறோம், சுடுவதோ ஒன்றிரண்டு தடவை. எஃகு கனமானது, தொடர்ந்து சுடுகிறவர்களுக்கு அது. நீளம் பிடிக்காதவர்கள், பேரலின் மேலேயே பின்னோக்கி உட்காரும் வகையைப் பார்க்கலாம். ஆனால் அதற்கு பேரலின் வெளிச்சுற்றளவு பொருந்த வேண்டும்.

சினிமாவில் வரும் ‘புஸ்’ சத்தத்தை எதிர்பார்க்காதீர்கள். 160 டெசிபலுக்கு மேல் போகும் வெடியில் 20 முதல் 30 டெசிபல் குறையும். குண்டு ஒலியைவிட வேகமாகப் பறப்பதால் எழும் சொடுக்குச் சத்தம் அப்படியே இருக்கும். காதுக் கவசம் போடுங்கள். (1909-ல் சப்ரசருக்குக் காப்புரிமை வாங்கியவர் ஹைரம் பெர்சி மேக்சிம். அப்பா செய்தது மேக்சிம் இயந்திரத் துப்பாக்கி!)

படி 4: மாட்டிப் பாருங்கள்

அறையும் (சுடும்போது தோட்டா உட்காரும் இடம்) மேகசினும் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) காலி என்று இரண்டு முறை பார்த்து, பேரலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடுங்கள். சப்ரசரைக் கையால் திருகுங்கள். தோளுக்கும் அதற்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. பின்பக்கத்திலிருந்து பேரலுக்குள் பாருங்கள்: சப்ரசரின் கடைசித் துளை, வட்டத்துக்குள் வட்டமாக நடுவில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் பிறை மாதிரி மறைந்தால் சுடவே வேண்டாம், துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். சந்தேகம் இருந்தால் அளவுக் கம்பி விட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஸ்கோப்பை மறுபடி ஜீரோ செய்யுங்கள், அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்யுங்கள். முனையில் எடை ஏறியதும் குண்டு விழும் இடம் மாறும். மாட்டிய நிலையில் ஒரு தடவை, கழற்றிய நிலையில் ஒரு தடவை சுட்டு, எவ்வளவு நகர்ந்தது என்று எழுதி வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சப்ரசரைக் கழற்றிக் காயவிடுங்கள். மாட்டியபடியே முனை மேலாக நிறுத்தி வைத்தால் உள்ளே சேர்ந்த ஈரமும் கரியும் பேரலுக்குள் இறங்கித் துருவாகும்.