வெள்ளைப் பணியாரம் வெள்ளையாகவே வர

செட்டிநாட்டு அளவு எளிது. ஓர் உழக்கு (சிறிய அளவுப்படி) பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அதே உழக்கின் மேல் கொள்ளும் அளவுக்கு உளுந்தைக் கோபுரமாகக் குவியுங்கள். உளுந்து இதற்கு மேல் போனால் பணியாரம் எண்ணெய் குடிக்கும். குறைந்தால் விறைத்துப்போகும்.

இரண்டு மணி நேரம் ஒன்றாக ஊறவைத்து, வெண்ணெய்போல அரையுங்கள். நறநறப்பே இருக்கக் கூடாது. உப்பு, அரை டீஸ்பூன் சீனி, இரண்டு கரண்டி பால் சேர்த்து, தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாகக் கரையுங்கள். மாவைப் புளிக்க விடாதீர்கள், உடனே சுடுங்கள்.

மிதமான தீயில், எண்ணெயின் நடுவில் ஒரு கரண்டி மாவை ஒரே ஊற்றாக ஊற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். உப்பி மேலே வந்ததும் திருப்பி, சிவக்குமுன் எடுத்துவிடுங்கள். ஆறினால் ருசி பாதிதான். பக்கத்து வீட்டுக்கு என்றால் முதல் ஈட்டையே மிளகாய்த் துவையலோடு சூடாகக் கொடுத்தனுப்புங்கள்.