செண்டுடுக் பூவில் கருவண்டு: சதுப்பு நிலத்தில் படம் எடுக்கும் முறை

செண்டுடுக் என்ற புதர்ச்செடியின் பூவில் பெரிய கருவண்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு மூன்று விநாடியைக் கூர்மையாகப் பிடிக்க எனக்கு ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. நீங்களும் அவ்வளவு அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றும் தெரிந்தவர்களுக்கான விளக்கம் இது.

நான் போகும் இடம் டெங்கில் பக்கம் உள்ள பாயா இண்டா சதுப்பு நிலம். கோலாலம்பூரிலிருந்து காலையில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒரு காலத்தில் அங்கே ஈய லம்பம் (ஈயச் சுரங்கம்) இருந்தது. ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து ஏரிகளாகிவிட்டன. தாமரையும் அல்லியும் கோரையும் நீரில் இருக்க, கரையோரம் செண்டுடுக் புதர்கள். பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் செடியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பழத்தைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனால் நாக்கே காட்டிக்கொடுத்துவிடும். மெலஸ்டோமா என்ற அதன் அறிவியல் பெயருக்கும் கருத்த வாய் என்றுதான் பொருள்.

முந்தின இரவு: லென்ஸ்

90 முதல் 105 மி.மீ. வரையிலான மேக்ரோ லென்ஸ் (சின்னப் பொருளை மிக நெருக்கத்தில் எடுக்க உதவுவது) போதும். 60 மி.மீ. வேண்டாம், அதை வைத்து எடுக்க வண்டின் முகத்துக்கு அருகே போக வேண்டியிருக்கும், உங்கள் நிழல் பட்டதும் அது பறந்துவிடும். 100 மி.மீ. என்றால் ஒரு முழம் தள்ளி நின்றே எடுக்கலாம். புதிதாக வாங்கப் பணம் இல்லையென்றால் பிறர் பயன்படுத்திய பழைய லென்ஸ் ஒன்றைத் தாராளமாக வாங்குங்கள். ஆட்டோஃபோகஸ் மெதுவாக இருந்தாலும் கவலை இல்லை, இந்த வேலைக்கு அதை அணைத்துத்தான் வைக்கப் போகிறோம்.

முக்காலியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஈரமான மண்ணில் கால்கள் மெல்ல மெல்ல இறங்கும், ஃபோகஸ் நழுவிக்கொண்டே இருக்கும். நான் ஒற்றைக்கால் தாங்கி வைத்திருக்கிறேன். அடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் மூடியை மாட்டிவிட்டால் அது புதையாது.

காரில் போகும்போது: பனிமூட்டம்

என் முதல் இரண்டு ஞாயிறுகளைத் தின்றது இதுதான். வீட்டில் ஏர்கோன், காரில் ஏர்கோன். ஏழரை மணிக்குப் போய் இறங்கிக் கேமராவை எடுத்தால் லென்ஸ் முழுக்க வெள்ளை. துடைத்தேன், திரும்பவும் வந்தது. துடைத்துத் துடைத்து எடுத்த அத்தனை படங்களும் பால் ஊற்றியதுபோல் மங்கல். லென்ஸில் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கடைக்கே கொண்டுபோகப் பார்த்தேன்.

லென்ஸில் ஒரு குறையும் இல்லை. நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரம் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளைத் தொட்டாலும் நீராகப் படிந்துவிடும். ஏர்கோனில் இருந்த கண்ணாடி அதைவிடக் குளிர்ந்திருக்கும். கண்ணாடி சூடேறும்வரை துடைத்துப் பயனே இல்லை. அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றுவது அதைவிட மோசம், உள்ளே சென்சாரிலும் ஈரம் படியும்.

இப்போது நான் செய்வது இதுதான். கேமராப் பையை இரவே ஏர்கோன் இல்லாத கூடத்தில் வைத்துவிடுவேன். காரில் அது பின்பக்கச் சாமான் அறையில் வரும். டெங்கில் நெருங்கும்போது ஏர்கோனை அணைத்து ஜன்னல்களை இறக்கிவிடுவேன். வந்து இறங்கியதும் பையைத் திறக்காமல், பக்கத்து மாமாக் கடையில் பொட்டலம் கட்டி வந்த நாசி லெமாக்கைச் சாப்பிட்டு முடிப்பேன். அப்புறம் திறந்தால் கண்ணாடி தெளிவாக இருக்கும்.

கொசு மருந்து பூசிய கையோடு கேமராவைத் தொடாதீர்கள். டீட் கலந்த மருந்து ரப்பர் பிடியையும் பிளாஸ்டிக்கையும் அரித்துவிடும். பூசியபின் உள்ளங்கையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

பூவைத் தேர்ந்தெடுங்கள், வண்டை அல்ல

எல்லாரும் வண்டைத் துரத்துகிறோம். நானும் நான்கு ஞாயிறு துரத்தினேன். அது ஒரு பூவில் உட்காரும், நான் நெருங்குவேன், அடுத்த பூவுக்குப் போய்விடும். வண்டுக்கு அந்தப் புதரில் நூறு பூ இருக்கிறது, நமக்கு ஒன்று போதும்.

ஆகவே முதலில் பூவைத் தேடுங்கள். அன்று காலையில் மலர்ந்த பூ, இதழில் கிழிசல் இல்லாதது, இடுப்பு உயரத்தில் இருப்பது, பின்னால் இரண்டு மூன்று அடிக்கு எதுவும் இல்லாதது. பின்புலம் நீராக இருந்தால் நல்லது. நிற்கும் இடம் மேடான, உறுதியான தரையாக இருக்கட்டும். நீரின் விளிம்பில் மட்டும் நிற்காதீர்கள். அங்கே முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தால் அதற்கு இப்பால் நில்லுங்கள். எந்தப் படமும் அதைத் தாண்டிப் போகத் தக்கது அல்ல.

காற்றில் கிளை ஆடினால் ஒரு மூங்கில் குச்சியை ஊன்றி, துணி மாட்டும் கிளிப்பால் காம்பை மெதுவாகப் பிடித்து நிறுத்துங்கள். கிளையை ஒடிக்கவோ பூவைப் பறிக்கவோ வேண்டாம்.

காதால் படம் எடுப்பது

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அண்ணன் மகள். ஒன்பது வயது. ஒருநாள் என்னோடு வந்தவள் புதர் ஓரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். "சித்தப்பா, உட்கார்ந்ததும் வண்டு வேற மாதிரி கத்துது, கேளுங்க" என்றாள்.

கேட்டேன். பறக்கும்போது தணிந்த ரீங்காரம். பூவில் இறங்கி மகரந்தத் தாள்களைப் பற்றியதும் ஒரு கணம் அமைதி. உடனே அதைவிட உரத்த, கூர்மையான "ஸ்ஸீங்". அந்தச் சத்தத்துக்குக் காரணம் பூவின் அமைப்பில் இருக்கிறது. செண்டுடுக்கில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். மகரந்தப் பைகள் நீளவாக்கில் வெடிப்பதில்லை, நுனியில் சிறு துளை மட்டும் உண்டு. உப்புக் குப்பியைக் குலுக்குவதுபோல் குலுக்கினால்தான் கொட்டும். வண்டு தாள்களைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, சிறகை அடிக்காமல் மார்புத் தசைகளை மட்டும் அதிர வைக்கிறது. மஞ்சள் நிறக் குட்டைத் தாள்கள் ஐந்திலிருந்து அதற்கு உணவு கிடைக்கும். வளைந்த ஊதா நிற நீளத் தாள்கள் ஐந்தும் அதன் உடம்பில் மகரந்தத்தைத் தூவி அடுத்த பூவுக்கு அனுப்பும்.

அந்த அதிர்வின்போது வண்டு இடம் மாறாது. நமக்கு வேண்டிய விநாடி அதுதான். அதனால் செய்ய வேண்டியது: மேனுவல் ஃபோகஸை மஞ்சள் தாள்களின் மேல் வைத்துவிட்டு வளையத்தை விடுங்கள். கண் பூவில், காது வண்டில். "ஸ்ஸீங்" கேட்டதும் உடம்பை ஒரு விரல்கடை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தபடி ஐந்தாறு படங்கள் தொடர்ந்து அடியுங்கள். ஒன்றில் கண் கூர்மையாக விழும். முதல் வண்டு வர அரை மணி நேரம்கூட ஆகலாம். நகராதீர்கள்.

இன்னொன்று: வண்டு என்று சொல்லிப் பழகிவிட்டோமே தவிர இது தேனீ இனம். காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடு அமைக்கும் தச்சுத் தேனீ. நம் ஊரில் பெரியது ஸைலோகோப்பா லாட்டிபெஸ், 3 செ.மீ.க்கும் மேல் நீளம். கிட்டே போகப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் கையால் பிடித்தாலோ அழுத்தினாலோதான் பெண் வண்டு கொட்டும், ஆணுக்குக் கொடுக்கே இல்லை.

அளவுகள்

ஷட்டர் 1/500க்குக் குறையாமல், எஃப் 8, ஐஎஸ்ஓ 800 முதல் 1600. வெளிச்சத்தை ஒரு படிக்குச் சற்றுக் குறைத்தே எடுங்கள். கறுப்பு வண்டைப் பார்த்துக் கேமரா படத்தை வெளுப்பாக்கும், அப்போது இதழ்கள் போய்விடும். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூவில் சிவப்பு நிறம்தான் முதலில் எரியும், அதாவது வெளிச்சம் மிஞ்சி விவரம் அழிந்துவிடும். கேமரா காட்டும் சாதாரண வெளிச்ச வரைபடத்தில் (ஹிஸ்டோகிராம்) அது தெரியாது, சிவப்புக்குத் தனியாக உள்ள வரைபடத்தைப் பாருங்கள். ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்தால் வண்டின் கறுப்பைப் பிறகு மீட்டுக்கொள்ளலாம், எரிந்த இதழை மீட்க முடியாது.

மேகமூட்டமான காலைதான் எனக்குப் பிடித்தது. பளபளப்பான கரிய முதுகில் வானம் மென்மையாகப் படியும், சிறகில் நீலமும் பச்சையும் தெரியும். ஃபிளாஷ் கட்டாயம் என்றால், வெள்ளைப் பால் குப்பியை வெட்டி முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

சேர்ப்பு 1: ஈப்போவிலிருந்து ஒரு வாசகர், மரப்பாலத்தில் நின்று எடுத்த எல்லாமே ஆடிவிட்டது என்று எழுதியிருந்தார். யாராவது நடந்தால் பலகை அதிரும். ஒற்றைக்கால் தாங்கியைப் பலகையில் ஊன்றாமல் கையில் தூக்கிப் பிடியுங்கள், ஆள் கடந்து போகும்வரை பொறுங்கள்.

சேர்ப்பு 2: கைப்பேசியில் முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். இந்த வண்டுக்குக் கஷ்டம். ஆனால் ஈர மணலில் விரல் உயரத்துக்கு நிற்கும் மஞ்சள் யூட்ரிகுலேரியாவுக்குக் கைப்பேசியே சிறந்தது, தரையோடு தரையாக வைக்கலாம். அது பூச்சி பிடிக்கும் செடி. மண்ணுக்குள் இருக்கும் அதன் நுண்ணிய பைகள் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் இரையை உறிஞ்சிவிடும். முழங்காலிடும் முன் கீழே பாருங்கள், ஒரு பூ இருந்தால் சுற்றிலும் இன்னும் இருக்கும். குடுவைச் செடியைக் கண்டால் படம் எடுங்கள், இடத்தைப் பொதுவில் எழுதாதீர்கள். பிடுங்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சேர்ப்பு 3: வீடு திரும்பியதும் லென்ஸை அப்படியே பையில் வைத்ததால் பூஞ்சை பிடித்துவிட்டதாக இன்னொருவர் எழுதியிருக்கிறார். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் காட்டும் டிரை பாக்ஸில் வையுங்கள். பையைத் தனியாக வெயிலில் காயப் போடுங்கள், ஈரம் முதலில் ஒளிந்துகொள்வது அதன் பஞ்சில்தான்.