மலையூரில் பாலை விடுபவர்கள் செய்யும் தவறுகள்

பாலை நிறுத்த முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்பது, "பாலுக்குப் பதிலா எதைக் குடிக்கிறது?" என்றுதான். தவறு அந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. நம் வீடுகளில் பால் ஒரு வேலையோடு நின்றுவிடுவதில்லை. டீயின் கடுப்பை அடக்குகிறது, தயிராகிச் சோற்றோடு பிசைபடுகிறது, நெய்யாகிப் பொங்கலை மணக்க வைக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் கால்சியம், புரதம், வைட்டமின் பி12, அயோடின் ஆகியவற்றையும் தந்துகொண்டிருக்கிறது. இத்தனைக்கும் ஒரு பாக்கெட் பாதாம் பானம் ஈடாகாது. ஒவ்வொரு வேலைக்கும் தனி ஆள் போட வேண்டும்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நனிசைவச் (வீகன், அதாவது பால், நெய், தேன் என விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத) சமையல் குறிப்புகள் பெரும்பாலும் சமவெளிக்கு எழுதப்பட்டவை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். குன்னூரில் ஒரு டிகிரி கூடுதல், அவ்வளவே. மார்கழி இரவின் குளிரையும் சேர்த்துக்கொண்டால், சென்னையில் எட்டு மணி நேரத்தில் உறையும் தயிர் இங்கே மறுநாள் காலையிலும் தண்ணீராகவே இருக்கும்.

பி12-ஐத் தள்ளிப்போடுவது

எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான். முட்டை, மீன், இறைச்சி சாப்பிடாத குடும்பங்களுக்குப் பி12 கிடைக்கும் ஒரே வழி பாலும் தயிரும். அரை லிட்டர் பாலில் சுமார் 2 மைக்ரோகிராம் இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரியவர்களுக்குச் சொல்லும் தினசரி அளவு 2.2 மைக்ரோகிராம். பாலையும் எடுத்துவிட்டால் வரவு பூஜ்யம்.

ஆபத்து உடனே தெரியாது என்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள்கூடத் தாங்கலாம். முதல் வருடம் உடம்பு லேசாக, சுறுசுறுப்பாக இருக்கும். பிறகு பாதத்தில் எறும்பு ஊர்வது போன்ற மரமரப்பு, நாக்கில் எரிச்சல், மறதி, காரணமில்லாத சோர்வு என்று ஒவ்வொன்றாக வரும். கீரையும் பயறும் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். அவற்றிலுள்ள ஃபோலேட் என்ற வைட்டமின், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடும். ரத்தம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும்போதே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும்.

பழைய சோற்றில் இருக்கிறது, ஸ்பைருலினா என்ற பாசியில் இருக்கிறது என்று சொல்வதை நம்ப வேண்டாம். ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி பி12 போலவே தோன்றும் வேறொரு பொருள், உடம்புக்குப் பயன்படாது. ரத்தப் பரிசோதனையில் அளவு கூடுதலாகக் காட்டலாம் என்பதால் உண்மையான குறைவையும் மறைத்துவிடும். மாத்திரைதான் வழி. நாளுக்கு 10 மைக்ரோகிராம் அல்லது வாரத்துக்கு ஒரு முறை 2,000 மைக்ரோகிராம் என்பது பொதுவான அளவு. பாலை நிறுத்திய வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். தொடங்கும் முன் ஒரு முறை ரத்தத்தில் பி12 பார்த்துக்கொண்டால், ஏற்கெனவே குறைவாக இருப்பவர்களுக்கு மருத்துவர் ஊசியோ கூடுதல் அளவோ எழுதித் தருவார்.

கீரை என்றாலே கால்சியம் என்று எண்ணுவது

பெரியவர்களுக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 மில்லி பாலில் சுமார் 120 இருக்கும். "தினம் பசலையும் பீட்ரூட் கீரையும் சாப்பிடுகிறேனே" என்பவர்கள் கவனிக்க வேண்டியது ஆக்சலேட். இந்தக் கீரைகளில் கால்சியம் இருக்கிறது, ஆனால் ஆக்சலேட் அதைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பதால் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியேறிவிடும்.

மலைக்காரர்களின் அதிர்ஷ்டம், முட்டைக்கோஸ் குடும்பம் முழுக்க இங்கேயே விளைகிறது. நூக்கோல் இலை, டர்னிப் இலை, முள்ளங்கிக் கீரை ஆகியவற்றில் ஆக்சலேட் குறைவு, கால்சியமும் நன்றாகச் சேரும். உழவர் சந்தையில் நூக்கோலை வாங்கிவிட்டு இலையை அங்கேயே கிள்ளிப் போட்டுவிட்டு வருவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அந்த இலையைப் பொடியாக நறுக்கி, பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளித்து, பாசிப்பருப்போடு கூட்டாக வைத்துப் பாருங்கள்.

ஒரு நாள் கணக்கு இப்படி வரும்: 75 கிராம் கேழ்வரகு மாவில் களியோ அடையோ செய்தால் சுமார் 260 மில்லிகிராம். கால்சியம் உப்பால் திரித்த டோஃபு (சோயாப் பனீர்) 100 கிராமில் சுமார் 350. இரண்டு மேசைக்கரண்டி எள்ளுப் பொடியில் 150க்கு மேல். ஒரு பெரிய கட்டு முள்ளங்கிக் கீரையில் 200. மீதி பயறு, பருப்பிலிருந்து வந்துவிடும். எள்ளை முழுசாக விழுங்கினால் முழுசாகவே வெளியேறும். வறுத்துப் பொடித்தே சேர்க்க வேண்டும். கேழ்வரகை முளைகட்டினாலோ, கூழாக ஒரு இரவு புளிக்க விட்டாலோ கால்சியம் இன்னும் நன்றாகச் சேரும். இந்தக் குளிரில் முளைவிட இரண்டு மூன்று நாள் ஆகலாம். ஈரத்துணி நாறத் தொடங்கினால் அலசிவிட்டு மாற்றுங்கள்.

கடையில் வாங்கும் தாவரப் பானத்தில் கால்சியம் சேர்த்திருக்கிறதா என்று பின்பக்க அட்டவணையைப் படியுங்கள். 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் இருந்தால் பாலுக்குச் சமம். சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் பாக்கெட்டை நன்றாகக் குலுக்கியே ஊற்ற வேண்டும். புரதத்தையும் பாருங்கள்: பசும்பாலில் 100 மில்லிக்கு 3 கிராமுக்குச் சற்று மேல், சோயாவில் ஏறக்குறைய அதே அளவு. பெரும்பாலான பாதாம் பானங்களில் அரை கிராம்தான். விலை மட்டும் தலைகீழ். பாக்கெட்டில் 'பால்' என்ற சொல் இல்லாமல் 'பானம்' என்ற பொருளில் எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம். தாவரப் பானங்களைப் பால் என்று எழுதி விற்கக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.

நுரை பொங்கியதும் சோயாப் பாலை இறக்குவது

வீட்டில் சோயாப் பால் காய்ச்சுபவர்கள் மலையில் வயிற்று வலிக்கு ஆளாவது இதனால்தான். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. போதிய சூடு பட்டால்தான் அது செயலிழக்கும். சோயாப் பால் கொதிநிலைக்கு முன்பே மடமடவென்று நுரைத்துப் பொங்கும். அது கொதி இல்லை. தீயைக் குறைத்து, நுரை அடங்கியபின் 20 நிமிடமாவது கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும்.

இங்கே கொதிநிலை தாழ்வாக இருப்பதால் இன்னும் நம்பகமான முறை குக்கர்தான். 100 கிராம் சோயாவை 12 முதல் 14 மணி நேரம் ஊறவையுங்கள். சமவெளிக் கணக்கான எட்டு மணி நேரம் ஊட்டிக் குளிருக்குப் போதாது. ஒன்றை இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவில் வெளிறிய மஞ்சள் திட்டு இல்லாமல் ஒரே நிறமாக இருக்க வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் இரண்டு விசில் விடுங்கள். பிறகு 800 மில்லி வெந்நீர் விட்டு அரைத்து, துணியில் பிழிந்து, மறுபடி பத்து நிமிடம் காய்ச்சுங்கள். பச்சை வாடை பெரும்பாலும் போய்விடும். தண்ணீர் ஊற்றி அரைக்கும்போது வேலை செய்யும் ஒரு நொதிதான் அந்த வாடைக்குக் காரணம். அரைப்பதற்கு முன்பே சூடு பட்டுவிட்டால் அது எழும்பாது.

ராஜ்மா, காய்ந்த பட்டர் பீன்ஸ் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை. (பெயரில் பட்டர் இருப்பதால் கொடைக்கானல் பட்டர் பீன்ஸைக் கண்டு தயங்கவேண்டாம், பட்டர் ஃப்ரூட்டும் அப்படித்தான்.) அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியும் பேதியும் உண்டாக்கும். திறந்த பாத்திரத்தில் வேகவைக்கவே வேண்டாம். குக்கரிலும் சமவெளியைவிட இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள்.

டோஃபு செய்யும்போது எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்தால் டோஃபு வரும், கால்சியம் வராது. உணவுத் தரத்தில் கிடைக்கும் ஜிப்சத்தை (கால்சியம் சல்பேட்) லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் வீதம் தண்ணீரில் கரைத்து ஊற்றினால்தான் மேலே சொன்ன கணக்கு பொருந்தும். உரக்கடை ஜிப்சம் சமையலுக்கு ஆகாது.

டஸ்ட் டீயில் சோயாப் பாலை ஊற்றிக் கொதிக்கவிடுவது

திரிந்துபோகும். டீயின் லேசான புளிப்பும் துவர்ப்பும் கொதிசூட்டோடு சேர்ந்து சோயாப் புரதத்தைக் கட்டியாக்கிவிடும். இஞ்சி தட்டிப் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் திரியும். இஞ்சியைத் தண்ணீரிலேயே நன்றாகக் கொதிக்கவைத்து, டிகாஷனை இறக்கி ஒரு நிமிடம் ஆறவிட்டு, தனியாகச் சூடாக்கிய சோயாப் பாலில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

ஆனால் தேயிலை நாட்டில் இருந்துகொண்டு இந்தப் பாடு எதற்கு? டஸ்ட் டீ பாலோடு குடிக்கத்தான் ஏற்றது. பாலின் புரதம் அதன் துவர்ப்பைப் பிடித்து அடக்குகிறது. பாலில்லாமல் குடித்தால் தொண்டையைக் கவ்வும். பால் இல்லாத டீக்கு நீலகிரி ஆர்த்தடாக்ஸ் இலைத் தேயிலை வாங்குங்கள். ஒரு டீஸ்பூன் இலை, ஒரு டம்ளர் வெந்நீர், மூடிவைத்து மூன்று நிமிடம், வடிகட்டல். சர்க்கரைகூடத் தேவைப்படாது. சாப்பாட்டோடு மட்டும் குடிக்காதீர்கள். டீயின் துவர்ப்பு பயறு, கீரையின் இரும்புச் சத்தைச் சேரவிடாது. ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்; சாப்பாட்டில் எலுமிச்சையோ கொய்யாவோ சேருங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாளுக்கு ஐந்து டம்ளர் பால் டீ குடித்துக்கொண்டே கொழுந்து பறிப்பவர், காய்கறித் தோட்டத்தில் மண் வெட்டுபவர், அதன் பாலிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் கணிசமான கலோரி எடுத்துக்கொண்டிருந்தார். அதை வெறும் கடுந்தேநீராக மாற்றினால் பதினோரு மணிக்கே கை கால் தளரும். அந்த இடத்தில் ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ, வேகவைத்த அவரையோ, ஒரு எள்ளுருண்டையோ வர வேண்டும்.

தயிரில் நடக்கும் தவறுகள்

தேங்காய்ப் பாலில் தயிர் உறைய வைக்க முயல்வது பலருக்கும் முதல் ஏமாற்றம். கொழுப்பு மேலே ஏறி, கீழே தண்ணீர் நிற்கும். தயிர்ச்சோற்றுக்குப் பொருத்தம் வேர்க்கடலைத் தயிர். 100 கிராம் கடலையை ஊறவைத்துத் தோல் நீக்கி, 400 மில்லி தண்ணீரில் அரைத்து வடிகட்டி, அடிபிடிக்காமல் பத்து நிமிடம் காய்ச்சுங்கள். கைச்சூட்டுக்கு ஆறியதும் அரை டீஸ்பூன் சர்க்கரை சேருங்கள். பாலில் உள்ள லாக்டோஸ் இதில் இல்லை. புளிக்கவைக்கும் நுண்ணுயிருக்குத் தீனி வேண்டும். உறைக்கு எட்டுப் பத்து பச்சை மிளகாய்க் காம்புகளைக் கழுவி அமிழ்த்துங்கள். முதல் தடவை நீர்த்து, லேசான மிளகாய் மணத்தோடு வரும். அதில் ஒரு மேசைக்கரண்டி எடுத்து அடுத்த தடவைக்கு உறையிட்டால் கெட்டிப்படும்.

உறையும் வரை சூடு 35, 40 டிகிரியில் நிற்க வேண்டும். ஊட்டிச் சமையலறை மேடையில் அது நடக்காது. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய ஹாட்பாக்ஸுக்குள் கிண்ணத்தை வைத்து மூடி, கம்பளியால் சுற்றி, 12 மணி நேரம் விடுங்கள். இடையில் ஒரு முறை தண்ணீரை மாற்றினால் நல்லது. இளஞ்சிவப்போ பூஞ்சையோ தெரிந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். மோர்க்குழம்புக்கு இந்தத் தயிரைத் தேங்காய், சீரகம், ஒரு ஸ்பூன் அரிசி மாவோடு அரைத்துக் கலந்து, நுரை கட்டியதும் இறக்க வேண்டும். கொதித்தால் பிரியும்.

கடலையில் ஒரு கவனம். மழைக்காலத்தில் இங்கே எல்லாமே ஈரம் கோக்கும். கருத்த, சுருங்கிய, பூசணம் பட்ட கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். வறுத்தாலும் காய்ச்சினாலும் முழுமையாகப் போகாது. கால் கிலோ, அரை கிலோவாக வாங்கி, பொறுக்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

அயோடினும் வெயிலும்

பாலோடு நகரும் அயோடினைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 'இயற்கைக்கு மாறுகிறேன்' என்று அதே வாரத்தில் இந்துப்புக்கும் மாறிவிடுவார்கள். மழை அடித்துச் செல்லும் மலை மண்ணில் அயோடின் குறைவாகவே நிற்கும். அயோடின் சேர்த்த தூள் உப்பையே வைத்துக்கொள்ளுங்கள், தாளித்து முடித்தபின் போடுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் மாத்திரைக்கும் சோயா உணவு, கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும்.

மூடுபனிக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் வைட்டமின் டி குறைவது சகஜம். வெயில் அடிக்கும் நாளில் பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் கை கால் தெரிய அரை மணி நேரம் நில்லுங்கள். மாத்திரை வாங்கினால், டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுவது. டி2 அல்லது லைக்கன் (கற்பாசி வகை) டி3 என்று கேட்டு வாங்குங்கள்.

ஒரு வயதுக்குக் கீழான குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ மருத்துவர் சொன்ன ஃபார்முலாவுக்கோ பதிலாக எந்தத் தாவரப் பானத்தையும் கொடுக்கக்கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரிடம் பேசிய பிறகே மாற வேண்டும்.

பச்சைப் புள்ளியை நம்புவது

பச்சைப் புள்ளி சைவம் என்றுதான் சொல்கிறது. பால் சைவத்துக்குள் அடங்கும். நனிசைவத்துக்கு 2022-இல் தனி விதிகளும் தனி முத்திரையும் வந்துவிட்டன. முத்திரை இல்லையென்றால், பொருள் பட்டியலின் கடைசியில் 'பால் உள்ளது' என்ற எச்சரிக்கையையும், வே (whey), கேசின் ஆகிய பால் புரதங்களின் பெயர்களையும், பால் திடப்பொருள் என்ற சொல்லையும் தேடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் கடைகளின் 'டார்க்' சாக்லேட்டில்கூடப் பால் திடப்பொருள் இருப்பதுண்டு. ஊட்டியின் மொறுமொறுப்பான வர்க்கி பிஸ்கட்டுக்கு நெய் போடுகிறார்களா வனஸ்பதியா என்பது பேக்கரிக்குப் பேக்கரி மாறும், கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் சுட நினைத்தால் தேங்காயெண்ணெய் போதும். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடுவதால், சமவெளியில் ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்க வேண்டியதை இங்கே அலமாரியிலிருந்தே வெண்ணெய் போலச் சுரண்டி மாவில் பிசையலாம். பழனிப் பஞ்சாமிர்தத்தில் மலைவாழை, வெல்லம், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காயோடு நெய்யும் தேனும் சேர்கின்றன. வீட்டுப் பூசைக்கு நெய்யையும் தேனையும் விட்டுவிட்டு, சிறுமலை வாழைப்பழத்தை நன்றாகக் கனியவிட்டு, நாட்டுச் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாகப் போட்டுப் பிசையலாம். அது நீண்ட நாள் தாங்காது, அன்றைக்கே பகிர்ந்துவிடுங்கள்.