கண்ணாடி இல்லாமல் கிட்டப்பார்வையைச் சரிசெய்ய: எது முடியும், எது முடியாது

கிட்டப்பார்வை உள்ள பெரும்பாலோருக்கு விழி முன்பின்னாக நீண்டிருக்கும். பெரியவர்களின் விழி நீளம் சுமார் 24 மி.மீ. அதில் 1 மி.மீ. கூடினாலே பவர் சுமார் இரண்டரை டயாப்டர் (பவரின் அலகு) ஏறும். அப்படி நீண்ட விழியை எந்தக் கண் பயிற்சியும் சுருக்காது. பொன்னாங்கண்ணிக் கீரை உடம்புக்கு நல்லது, பவரைக் குறைக்காது. நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதையும் கண்ணுக்குள் விடவே விடாதீர்கள். கிருமி தொற்றி கருவிழி புண்ணானால் தழும்பு நிலைத்துவிடும்.

ஆனால் குறையக்கூடிய பவரும் உண்டு. மணிக்கணக்கில் போனைக் கிட்டத்தில் பார்த்தால் கண்ணின் உள்தசை இறுகி, தூரம் மங்கும். இது பொய்க் கிட்டப்பார்வை. தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்த்தால் தெரிந்துவிடும். நம்ம திருநெல்வேலியில் பாளை, ஜங்ஷன் பக்கத்துக் கண் மருத்துவமனைகளில் கேட்டுச் செய்துகொள்ளலாம். சொட்டு விட்டபின் வெயில் கூசும், அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டாம். திடீரென்று மங்கினால் ரத்தச் சர்க்கரையையும் பாருங்கள். சர்க்கரை ஏறினாலும் பவர் மாறும்.

வீட்டிலேயே பவரை அளக்க, கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணை மூடி, தினசரி காலண்டர் தாளின் பொடி எழுத்தை மெல்லத் தள்ளிக்கொண்டே போங்கள். கண்ணிலிருந்து எழுத்து மங்கத் தொடங்கும் இடம் வரை டேப்பால் அளந்து, 100-ஐ அந்தச் சென்டிமீட்டரால் வகுங்கள். 50 செ.மீ. என்றால் ஏறக்குறைய மைனஸ் 2. கண்ணை இடுக்கினால் எழுத்து தெளியும், கணக்கு தப்பும். சிலிண்டர் பவர் (திசைக்குத் திசை மாறும் பவர்) இருந்தாலும் தப்பும். மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில் அளந்தால் ஏறுகிறதா என்பது பிடிபடும். இதை வைத்துக் கண்ணாடி வாங்கக் கூடாது.

பிள்ளைகள் விஷயத்தில்தான் நம் கையில் நிறைய இருக்கிறது. தினம் 2 மணி நேரம் பகல் வெளிச்சத்தில் இருந்தால் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது. வீட்டறை வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் வெளிச்சத்தின் அளவு). தாமிரபரணிக் கரை மருத மர நிழலிலேயே பல ஆயிரம் கிடைக்கும். அதனால் நம்மூர் உச்சி வெயிலில் காய வேண்டாம், சூரியனையும் பார்க்கக் கூடாது. காலை 7 முதல் 8, மாலை 4.30 முதல் 5.30 போதும். மூடிய அரங்கில் ஆடும் ஷட்டில் இந்தக் கணக்கில் சேராது. ஏற்கெனவே பவர் வந்த பிள்ளைக்கு வெளிச்சம் மட்டும் போதாமல் போகலாம். பவர் ஏறுவதை மெதுவாக்கும் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

படிக்கும்போது முழங்கையை மேசையில் ஊன்றி முஷ்டியைக் கன்னத்தில் வைத்தால் வரும் தூரம் புத்தகத்துக்குச் சரி. 20 நிமிடத்துக்கு ஒருமுறை தார்சாவில் (வீட்டு முன்பகுதியில்) நின்று தெருக்கோடியை 20 விநாடி பாருங்கள். இது தசைக்கு ஓய்வு, பவருக்கு மருந்தல்ல.

கண்ணாடியைக் கழற்றினாலோ பவரைக் குறைத்துப் போட்டாலோ கண் பழகித் திருந்தும் என்பது தவறு. குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குப் பவர் ஏறுவது நின்றதில்லை. மைனஸ் 1 உள்ள பெரியவர் வீட்டில் கழற்றிவிட்டுப் படிக்கலாம். இரவில் பைபாஸில் பைக் ஓட்ட அதே பவருக்குக் கண்ணாடி வேண்டும்.

கண்ணில் மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகினாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ விழித்திரை கிழிந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.